நின்றபடி பேசும் பதினைந்து நிமிடம்

பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள அரும்பாவூர், மரச்சிற்பங்களுக்கும் கோயில் தேர்களுக்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தன்மையும் மதிப்பும் அது உருவாகும் இடத்தோடு பிணைந்தவை என்பதற்கான சட்டப்பூர்வமான அடையாளம், வழங்கப்பட்டது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் உருவத்தின் கோடுகளை முதலில் வரைந்துகொண்டு, வேண்டாத பகுதிகளைக் கழித்து, பிறகு சிற்றுளிகளால் முகத்தையும் அணிகலனையும் ஆடை மடிப்பையும் செதுக்கும் இத்தொழிலில், தேர் போன்ற பெரிய வேலைகள் பலர் கையில் பிரிந்து நடக்கின்றன. ஆயினும் பட்டறைக்குள் காலையில் நுழைபவர், வேலை எந்த அளவில் நிற்கிறது என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. தோள்வரை வந்து நிற்கும் உருவம், இன்னும் கோடாகவே இருக்கும் திருவாசி, இரவோடு இரவாக மரத்தில் ஓடியிருக்கும் வெடிப்பு ஆகிய அனைத்தும் கண்முன் கிடக்கின்றன. முந்தைய நாள் நடந்ததையும் அன்று நடக்க வேண்டியதையும் மரமே சொல்லிவிடுகிறது.

மென்பொருளை, அதாவது கணினியும் கைப்பேசியும் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதப்படும் கட்டளைத் தொகுப்பை, உருவாக்கும் குழுவுக்கு இந்த வசதி கிடையாது. எட்டுப் பேர் எட்டுத் திரைகளின் முன் அமர்ந்திருக்கும் அறைக்குள் நுழைபவர், அவர்களில் யாருடைய வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது, யாருடையது மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கிக் கிடக்கிறது, ஒன்றை ஒன்று முறிக்கக்கூடிய இரண்டு வேலைகளை எந்த இருவர் அறியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாது. ஐபிஎம் நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1986இல் வெளிவந்த கட்டுரையில், மென்பொருளோடு கூடப் பிறந்த நான்கு இடர்ப்பாடுகளுள் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாமையைக் குறிப்பிட்டார். கண்ணால் காண முடியாத அந்த வேலையை நாளுக்கு ஒருமுறை சொல்லால் எல்லோர் முன்னும் எடுத்து வைப்பதற்காக ஏற்பட்டதே, அலுவலகங்களில் ‘ஸ்டாண்ட்-அப்’ என்று அழைக்கப்படும் தினசரிக் கூட்டம். அது எங்கே பயன்படுகிறது, எங்கே பாழாகிறது என்பதை இந்த ஒரு காரணத்தை மனத்தில் இருத்திப் பார்த்தால் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

இக்கூட்டம் ‘அஜைல்’ என்னும் வேலைமுறையின் ஓர் உறுப்பு. ஒரு மென்பொருள் எப்படி அமைய வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முழுவதுமாக எழுதி முடித்து, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது பழைய வழக்கம். அதற்கு மாறாக, வேலையைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் முடிந்தவுடன் பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டைத் திருத்திக்கொள்வது அஜைல் முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் கூடிய பதினேழு மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட சுருக்கமான அறிக்கையால் இப்பெயர் நிலைத்தது. இம்முறையில் மிகப் பரவலாகக் கையாளப்படும் வடிவத்துக்கு ‘ஸ்க்ரம்’ என்று பெயர். ஒரு மாதத்துக்கு மேற்படாத, நடைமுறையில் பெரும்பாலும் இரண்டு வாரம் நீளும் வேலைச் சுற்று அதில் ‘ஸ்பிரிண்ட்’ எனப்படுகிறது. ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் ஓர் இலக்கு உண்டு. அந்த இலக்கை நோக்கிக் குழு சரியாகச் செல்கிறதா என்று நாள்தோறும் பார்த்து, தேவையானால் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்வதற்காக, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் நடந்து முடிய வேண்டிய கூட்டம் இது என்று ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி நூல் வரையறுக்கிறது.

ஸ்க்ரம் என்ற சொல் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்து ஒரே திரளாகப் பந்துக்காக முட்டும் நிலையை அது குறிக்கும். ஜப்பானிய மேலாண்மை அறிஞர்களான ஹிரோடகா தகேவுச்சியும் இகுஜிரோ நோனாகாவும் 1986இல் எழுதிய கட்டுரையில், புதிய பொருள்களை விரைவாக உருவாக்கும் நிறுவனங்களின் குழுக்களை ரக்பி அணியோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சிந்தனையை மென்பொருளுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜெஃப் சதர்லேண்ட், 1993இல் ஈசல் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் தம் குழுவை இம்முறையில் நடத்தினார். போர்லாண்ட் நிறுவனத்தில் குவாட்ரோ புரோ என்ற கணக்குத்தாள் மென்பொருளை உருவாக்கிய குழு வியப்பூட்டும் வேகத்தில் வேலை செய்ததையும், அக்குழுவினர் ஏறத்தாழ நாள்தோறும் கூடிப் பேசியதையும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோப்ளியன் ஆராய்ந்து எழுதியிருந்தார். சதர்லேண்டின் தினசரிக் கூட்டத்துக்கு அதுவே தூண்டுகோல். 1995இல் அவரும் கென் ஷ்வாபரும் ஸ்க்ரம் முறையைப் பொது அரங்கில் முன்வைத்தார்கள். அதே காலகட்டத்தில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் கென்ட் பெக் வகுத்த ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற முறையிலும் நின்றபடி பேசும் காலைக் கூட்டம் இடம்பெற்றது. சுருங்கச் சொன்னால், மேலதிகாரிகள் தம் வசதிக்காக ஏற்படுத்திய கூட்டமன்று இது; வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட குழு வேகமாக முடித்தது என்ற கவனிப்பிலிருந்து முளைத்தது.

ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளியது. நாற்காலி கிடைத்தால் பேச்சு நீளும். அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் புளூடார்னும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சிக்கலைச் சில குழுக்களுக்கு நின்றபடியும் சில குழுக்களுக்கு அமர்ந்தபடியும் விவாதிக்கக் கொடுத்தார்கள். அமர்ந்தவர்கள் 34 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் எடுத்த முடிவுகள் நின்றவர்களின் முடிவுகளைவிடச் சிறந்தவையாக இல்லை. கருவுற்றிருப்பவரும் கால்வலி உள்ளவரும் நிற்க வேண்டும் என்று வற்புறுத்துவது இந்த ஆய்வைப் பிழையாகப் படிப்பதாகும். சுருக்கமே நோக்கம், நிற்றல் அதற்கு ஒரு கருவி. எட்டுப் பேர் கொண்ட குழுவில் பதினைந்து நிமிடக் கூட்டம் மொத்தத்தில் இரண்டு மணி நேர உழைப்பை எடுத்துக்கொள்கிறது; அது அரை மணி நேரமாக நீண்டால் நான்கு மணி நேரம், அதாவது ஒருவருடைய அரை நாள் வேலை, நாள்தோறும் பேச்சில் கரைகிறது என்ற கணக்கைப் பார்த்தால் அந்தக் கருவியின் அருமை விளங்கும்.

நேற்று என்ன செய்யப்பட்டது, இன்று என்ன செய்யப்படும், வழியில் தடை ஏதும் உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் விடை சொல்வதே நீண்ட காலம் இக்கூட்டத்தின் வடிவமாக இருந்தது. இன்றும் பெரும்பாலான அலுவலகங்களில் அதுவே வடிவம். ஆனால் 2020 நவம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட ஸ்க்ரம் வழிகாட்டி இந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது என்பது பலரும் கவனிக்காத செய்தி. கேள்விகளில் குற்றம் இல்லை. அவற்றுக்கு விடை சொல்லும் பழக்கம், இலக்கைப் பற்றிய பேச்சாக இல்லாமல் ஆளாளுக்குக் கணக்கு ஒப்பிக்கும் சடங்காக மாறிப்போனதே குற்றம். நார்வே ஆய்வாளர் விக்டோரியா ஸ்ட்ரே முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பன்னிரண்டு குழுக்களின் 79 தினசரிக் கூட்டங்களை நேரில் கவனித்தும் 60 நேர்காணல்கள் எடுத்தும் இதையே உறுதிசெய்தது: தகவலைப் பகிரவும் சிக்கலைப் பேசித் தீர்க்கவும் வாய்ப்புக் கிடைத்த இடங்களில் ஊழியர்கள் கூட்டத்தை விரும்பினார்கள், மேலாளருக்கு நிலவரம் சொல்லும் கூட்டமாகவும் மிக நீண்டதாகவும் அது ஆன இடங்களில் வெறுத்தார்கள்.

அந்த வேறுபாட்டை ஒரு கற்பனைக் குழுவைக் கொண்டு விளக்கலாம். அரும்பாவூர்ச் சிற்பங்களை இணையத்தில் விற்பதற்கான ஒரு தளத்தை ஆறு பேர் உருவாக்குகிறார்கள் என்று கொள்வோம். கையால் செதுக்கிய சிற்பத்தில் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. ஆகவே தளத்தில் காட்டப்படும் ஒவ்வொன்றுக்கும் இருப்பு ஒன்றே ஒன்றுதான். வாங்குபவர் ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் அதை இருபது நிமிடம் மற்றவர்களுக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்கும் பகுதியை ஒருவர் எழுதுகிறார். பணம் வந்து சேர்ந்த பிறகே சிற்பத்தை விற்றதாகக் குறிக்கும் பகுதியை இன்னொருவர் எழுதுகிறார். இரண்டும் தனித்தனியே பிழையற்றவை. ஆனால் வங்கியின் ஒப்புதல் தாமதமாகி இருபது நிமிடம் கடந்துவிட்டால், அதே சிற்பத்தை வேறொருவரும் வாங்க முடியும்; ஒரு சிற்பத்துக்கு இருவர் பணம் கட்டியிருப்பார்கள். கூட்டத்தில் முதலாமவர், “நேத்து கார்ட் வேலை பார்த்தேன், இன்னைக்கும் அதேதான், பிளாக்கர் ஒண்ணும் இல்ல”, அதாவது தடை ஏதும் இல்லை, என்று முடித்துவிட்டால் இந்த மோதல் எவர் காதிலும் விழாது. அதற்குப் பதிலாக, “ஒரு சிற்பத்தை இருபது நிமிஷம் ஒதுக்கி வைக்கிற மாதிரி எழுதிட்டேன், அதுக்குள்ள பணம் வரலைன்னா தானா விடுவிச்சுடும்” என்று சொன்னால், பணப் பகுதியை எழுதுபவர் அங்கேயே விழித்துக்கொள்வார். “வங்கிப் பதில் சில நேரம் அதுக்கு மேலயும் ஆகுதே” என்ற ஒரே வாக்கியத்தில் பிழை வெளிப்பட்டுவிடும். தீர்வு என்ன என்பதை இருவரும் கூட்டம் முடிந்த பின் உட்கார்ந்து பேசலாம். ‘வேலை பார்த்தேன்’ என்பது உழைத்ததற்குச் சாட்சி. ‘இப்படி முடிவு செய்திருக்கிறேன்’ என்பதோ அடுத்தவருக்குப் பயன்படும் செய்தி. இந்த ஒன்றைக் குழு பழகிக்கொண்டால் கூட்டத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றே சொல்ல வேண்டும்.

மற்றப் பாதி, தடையைச் சொல்லும் துணிவைச் சார்ந்தது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதுவே கடினமான பகுதி. மூத்தவர் முன்னிலையில் குறை சொல்லாமையும், கேட்கப்பட்டால் ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்று விடையளிப்பதும் பணிவின் அடையாளமாகவே வீட்டிலும் பள்ளியிலும் கற்பிக்கப்படுகின்றன. மென்பொருள் நிறுவனங்களில் மேலாளரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது என்றாலும், நாவில் மாறியது நெஞ்சில் மாறிவிடவில்லை. மூன்று நாளாக ஒன்று புரியவில்லை என்று பத்துப் பேர் முன்னிலையில் சொல்வது, வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நின்ற நினைவைக் கிளறுகிறது. அந்தச் சொல் ஆண்டு இறுதியில் சம்பள உயர்வை முடிவு செய்யும்போது எடுத்துக்காட்டப்படுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டால், வாய் தானாகவே ‘நோ பிளாக்கர்ஸ்’ என்று சொல்லிவிடுகிறது. இதைத் தனிமனிதரின் கோழைத்தனமாகக் கருதக் கூடாது. தடையைச் சொன்னவருக்கு உதவி வந்து சேர்ந்ததா, கேள்விக்கணை வந்து சேர்ந்ததா என்பதை ஒரு குழு முதல் இரண்டு வாரங்களிலேயே கவனித்து, அதற்கேற்பத் தன் பேச்சை அமைத்துக்கொள்கிறது.

மொழி இன்னொரு தடை. 2021இல் தமிழ்நாடு அரசு, பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு பொறியியலில் சேர்ந்தவர்கள் 2025இல் படிப்பை முடிக்கும் கட்டத்தை எட்டினார்கள். அவர்களைப் போல, பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் செல்பவருக்கு, நிரல் எழுதுவதைவிட அந்த இரண்டு நிமிட ஆங்கிலப் பேச்சே நாளின் கடினமான வேலையாக அமைந்துவிடுவது உண்டு. அவர் முன்னதாகவே மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறார். மற்றவர்கள் சொல்லும்போது தம் முறை எப்போது வரும் என்ற கவலையில் காது கொடுப்பதில்லை. பேசுபவரும் கேளாதவராகிவிட்ட பிறகு அது கூட்டமாகாது. குழுவில் எல்லோரும் தமிழறிந்தவர்களாக இருக்கும்போது கூட்டத்தைத் தமிழில் நடத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. ‘டிக்கெட்’, ‘டெஸ்டிங்’, ‘சர்வர்’ என்னும் சொற்கள் அப்படியே இருக்க, வாக்கியம் தமிழில் அமைந்தால் சொல்ல வந்தது முழுவதும் வெளியே வரும். வேற்று மொழியினர் இருக்கும் குழுவில், பேச்சுக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதிப் பொதுவில் இட்டுவிட்டு, கூட்டத்தில் சிக்கலை மட்டும் பேசுவது நல்ல மாற்று.

கடிகாரமும் இங்கே குறுக்கே வருகிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது, அங்கே குளிர்காலமானால் தமிழ்நாட்டில் இரவு ஏழரை, கோடைக்காலமானால் மாலை ஆறரை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுக்கள் பலவற்றில் கூட்டம் அந்நேரத்தில்தான் நடக்கிறது. அங்கிருப்பவருக்கு அது நாளைத் திட்டமிடும் பேச்சு. இங்கிருப்பவருக்கோ நாள் முழுதும் உழைத்து ஓய்ந்தபின் கணக்கு ஒப்படைக்கும் பேச்சு. ஒரே கூட்டம் ஒரு முனையில் திட்டமாகவும் மறுமுனையில் அறிக்கையாகவும் மாறிவிடுகிறது. பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அடுப்படி வேலையும் காத்திருக்கும் அந்த வேளை, குடும்பப் பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமக்கும் பெண் ஊழியர்களை மேலும் அழுத்துகிறது என்பதையும் குழுத் தலைவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். இங்குள்ளவர்கள் தமக்குள் காலையில் பதினைந்து நிமிடம் கூடி அன்றைய வேலையைத் தீர்மானித்துக்கொண்டு, மாலையில் ஒரே ஒருவர் வெளிநாட்டுக் குழுவிடம் பேசுவது இதற்கு ஏற்ற வழி. அப்பொறுப்பு ஒருவர் தலையிலேயே விழாமல் முறைவைத்து மாறிவர வேண்டும். நேரத்தைப் போலவே இடமும் குழுவைப் பிரிக்கிறது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் கொரோனா ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, மென்பொருள் ஊழியர்கள் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே கைப்பேசி இணைப்பைக் கொண்டு வேலை செய்தார்கள்; சோகோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் நடத்தும் அலுவலகம் போன்றவை மென்பொருள் வேலை பெருநகரத்தில்தான் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை முன்பே மாற்றத் தொடங்கியிருந்தன. ஊருக்கு ஒருவராகச் சிதறியிருக்கும் குழுவில் எவரும் நிற்பதில்லை, சிலர் முகமும் தெரிவதில்லை; ஆகவே நேரத்தில் தொடங்கி நேரத்தில் முடிப்பதும், அறையில் கூடியிருப்போர் ஒரு பக்கமும் தொலைவில் இருப்போர் ஒரு பக்கமுமாகப் பிரியாமல் எல்லோரும் திரை வழியாகவே கலந்துகொள்வதும் முன்னைவிட இன்றியமையாதனவாகின்றன.

கூட்டத்தை நடத்தும் நுட்பங்களில் எல்லாவற்றிலும் பயன் மிக்கது, ஆள் வரிசையை விட்டுவிட்டு வேலை வரிசையில் பேசுவது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில், அடுத்த கட்டத்துக்கு எந்த உதிரிப்பாகம் எப்போது தேவை என்பதை ஒரு சீட்டின் மூலம் தெரிவிக்கும் ‘கன்பன்’ என்ற ஏற்பாட்டைத் தாயிச்சி ஓனோ உருவாக்கினார்; அதைப் பின்பற்றி மென்பொருள் குழுக்களும் ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, ‘செய்ய வேண்டியது’, ‘செய்துகொண்டிருப்பது’, ‘சோதனையில் உள்ளது’, ‘முடிந்தது’ என்னும் பத்திகள் கொண்ட பலகையில் ஒட்டி வைக்கின்றன. கூட்டத்தில் அந்தப் பலகையை ‘முடிந்தது’ என்ற பத்திக்கு மிக அருகில் உள்ள சீட்டிலிருந்து பின்னோக்கிப் பார்த்துவர வேண்டும். முடியும் தறுவாயில் உள்ளதை இன்று முடிக்க என்ன தேவை, யார் கைகொடுக்க முடியும் என்று கேட்கும்போது, ‘இவர் நேற்று என்ன செய்தார்’ என்ற விசாரணை தானே மறைந்து, ‘இந்த வேலை ஏன் நகரவில்லை’ என்ற பொதுக் கவலை முன்னுக்கு வருகிறது. நான்கு நாளாக ஒரே பத்தியில் நிற்கும் சீட்டு, அந்த வேலையைச் செய்பவர் வாய் திறக்கும் முன்பே தன் நிலையைச் சொல்லிவிடும். அரும்பாவூர்ப் பட்டறையில் மரம் செய்யும் வேலையை இங்கே பலகை செய்கிறது. கூச்சமுள்ளவர் நிறைந்த குழுவில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

குழுவின் அளவும் பார்க்கத்தக்கது. ஆறு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய வழிகள் 15; பத்துப் பேரானால் 45; பதினைந்து பேரானால் 105. பத்துப் பேருக்கு மேற்படாத குழுவையே ஸ்க்ரம் வழிகாட்டி பரிந்துரைப்பதன் நியாயம் இதில் விளங்குகிறது. இருபது பேரை ஒரே அழைப்பில் நிறுத்தி வைத்துவிட்டு, கூட்டம் நீள்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. விவாதம் கிளைவிடும்போது ‘இதைப் பின்னால் பேசுவோம்’ என்று ஒதுக்கி, அதில் தொடர்புடைய இரண்டு மூன்று பேர் மட்டும் கூட்டம் முடிந்தவுடன் நின்று பேசிக்கொள்வதும், பிந்தி வருபவருக்காக முதலிலிருந்து தொடங்காமல் இருப்பதும் சிறிய செயல்கள்தாம். ஆனால் இவை நழுவிய இடங்களில் பதினைந்து நிமிடம் நாற்பதாகியிருக்கும். ஸ்க்ரம் முறை சரியாக நடக்கத் துணைநிற்கும் ‘ஸ்க்ரம் மாஸ்டர்’ என்பவர் கூட்டத்தின் தலைவர் அல்லர். பேசுபவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள் என்றால், அவர் சற்றுப் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வது நல்லது.

இக்கூட்டம் மென்பொருளுக்கு மட்டுமே உரியது என்று கருத வேண்டியதில்லை. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை 1998இல் பெற்றது. அவ்விருதுக்கு அடிப்படையான தர மேலாண்மை முறையில், அன்றாட வேலையின் நிலையை அன்றன்றே பார்த்துப் பிறழ்வை அங்கேயே திருத்தும் ஒழுங்கு ஒரு தூணாக உள்ளது. மருத்துவமனையில் ஒரு முறைச் செவிலியர் அடுத்த முறையினரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சும் இதற்கு உறவுடையது. காவல் நிலையத்தின் காலை ‘ரோல் கால்’ தோற்றத்தில் ஒத்திருந்தாலும் இயல்பில் வேறு; அங்கே ஆணை மேலிருந்து கீழே இறங்குகிறது, ஸ்டாண்ட்-அப் கூட்டத்திலோ செய்தி பக்கவாட்டில் செல்ல வேண்டும். எனவே இருவரோ மூவரோ நாள் முழுதும் ஒரே மேசையில் பேசிக்கொண்டு வேலை செய்யும் இடத்திலும், ஒருவர் வேலை மற்றவர் வேலையைத் தொடாத இடத்திலும் தினசரிக் கூட்டம் தேவையற்றது. சில குழுக்கள் வாரத்தில் இரண்டு நாள் கூடினால் போதும் என்ற முடிவுக்கு வந்தால், விதிநூலைக் காட்டி அதை மறுப்பது முறையன்று. கூட்டத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டால் குழுவில் எவருக்காவது இடையூறு நேர்கிறதா என்று பார்ப்பது நேர்மையான சோதனை. எவரும் தேடவில்லை என்றால், அங்கே நடந்துகொண்டிருந்தது வருகைப் பதிவே.

குழுக்களை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நாளைய கூட்டத்தில் தடை எதையேனும் முதலில் சொல்பவர் குழுத் தலைவராகவே இருக்கட்டும். தமக்குப் புரியாத ஒன்றை, தம்மால் முடிக்க முடியாமல் போன ஒன்றைப் பெயர் சொல்லி எல்லோர் முன்னும் வைக்கட்டும். அதைக் கேட்ட பிறகு, வேப்பந்தட்டையிலிருந்தோ அரியலூரிலிருந்தோ வந்து ஆறு மாதமாக ‘நோ பிளாக்கர்ஸ்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் இளைஞர், ஒரு நாள் தயங்கித் தயங்கித் தம் சிக்கலைச் சொல்வார். அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு ஒருவருடைய பெயர் அந்தக் கூட்டத்திலேயே குறிக்கப்பட வேண்டும். அன்று மாலைக்குள் அவருக்கு ஒரு விடை போய்ச் சேர வேண்டும்.